கல்லைக் காத்தவர் சொல்லையும் காப்பரா?

ஓர் ஊரின் பழமையைக் காக்க இருவழிகள் உண்டு. வாழ்வில் வைத்துக் காப்பது ஒன்று. காட்சியில் வைத்துக் காப்பது மற்றொன்று. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றும், விளைவிலோ வேறுவேறாம். சீனத்தின் தென்கிழக்குக் கடற்கரை நகராகிய சுவான்சௌவில் இவ்விரண்டையும் அருகருகே காணலாம்.

இந்நகரை அராபிய வணிகர் ‘சைத்தூன்’ என்றழைத்தனர். ஊரெங்கும் செழித்திருந்த முள்முருக்க மரத்தின் சீனப்பெயரே அவ்வாறு திரிந்தது என்பர். தமிழ் வணிகரும் அங்குத் தங்கி வாழ்ந்தனர். தமிழும் சீனமும் ஒருங்கே பொறித்த 1281ஆம் ஆண்டுக் கல்வெட்டு அதற்குச் சான்று. பின்னாளில் அவர்தம் கோயில் இடிந்தது. அதன் தூண்களைச் சீனர் வீசியெறிந்தாரல்லர். தம் கையுவான் புத்தர் கோயிலின் பெருங்கூடத்துப் பின்புறத்தே நிறுத்திக்கொண்டனர். கண்ணன் உருவம் செதுக்கிய அத்தூண்கள் இன்றும் அங்கு நிற்கின்றன. பிறர் கல்லையும் தம் கூரைக்குத் தூணாக்கிய பெருந்தன்மை போற்றத்தக்கதன்றோ!

1053 முதல் 1059 வரை கட்டிய உலோயாங் பாலத்தின் அடிக்கற்களில் சிப்பிகளை வளர்த்தனர். அவை கல்லோடு கல்லை இறுகப் பிணைத்தன. அப்பாலத்தின்மேல் மக்கள் இன்றும் நடக்கின்றனர். 2023இல் அந்நகரின் வளைகுடாவைக் கடந்து, மணிக்கு 350 கி.மீ. விரைவில் தொடர்வண்டி ஓடும் பாலமும் திறக்கப்பட்டது. புதியது வந்ததற்காகப் பழையது வீழவில்லை. 2021இல் இந்நகரின் 22 இடங்கள் ஒருசேர உலக மரபுச் செல்வமாக ஏற்கப்பட்டன.

இனி மறுபுறம் நோக்குவோம். நகரையடுத்த சுன்பு ஊரின் மீனவப் பெண்டிர் கொண்டையைச் சுற்றி மலர்வளையம் சூடுவர். அண்மை ஆண்டுகளில் வெளியூரார் திரண்டு வந்து, பணம் கொடுத்து அம்மலரைச் சூடி, ஒளிப்படம் எடுத்துச் செல்கின்றனர். ஊருக்கு வருவாய் வருவதில் பிழையில்லை. ஆயினும் அவ்வூர் மகள், காண்பார் எவரும் இல்லாத நாளிலும் அம்மலரைச் சூடுகிறாளா என்பதே மரபின் உயிரை அளக்கும் கோல்.

மொழிக்கும் அக்கோலே பொருந்தும். 2009இல் உலகு ஏற்றுப் போற்றிய நான்யின் இசை, சுவான்சௌ மக்களின் மின்னான் பேச்சில் பாடப்படுவது. பள்ளிகளிலோ நாட்டுப் பொதுச்சீனமே பயிற்றுமொழி. வீட்டிலும் அதுவே பேச்சானால் நாளை இசை இருக்கும். அதன் சொல்லை உணர்வார் இரார்.

அக்கேட்டுக்குச் சான்றும் அந்நகரிலேயே உளது. அங்கு வாழ்ந்த தமிழரின் கல் இருக்கிறது. அவர்கள் பேசிய தமிழ் அத்தெருக்களில் இல்லை. விழுந்த கல்லைப் பிறர் எடுத்து நிறுத்தலாம். விழும் சொல்லைத் தாங்கவோ, அம்மொழியாரின் நாவன்றி வேறு தூண் இல்லை.