முத்திரை குத்துமுன் யோசிப்போம்

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் நம் கடைகளுக்குக் கல்லூரிப் பிள்ளைகள் கடிதத்துடன் வருகின்றனர். "அண்ணாச்சி, முப்பது நாள் இன்டர்ன்ஷிப் செய்ததாக ஒரு சர்டிபிகேட் வேண்டும்" என்கின்றனர். தெரிந்தவர் மகன், வாடிக்கையாளர் மகள் என்று முகத்தாட்சண்யம் பார்த்து, லெட்டர்பேடில் நான்கு வரி எழுதி முத்திரை குத்தி அனுப்பிவிடுகிறோம். அந்தப் பிள்ளை ஒருநாள்கூடக் கடையில் நின்றிருக்காது.

இதே நாம்தான் சங்கக் கூட்டத்தில், "பி.காம். படித்த பையனுக்கு ஒரு பில் போடத் தெரியவில்லை" என்று அங்கலாய்க்கிறோம். பழுதில் நம் பங்கும் உண்டல்லவா? நேர்முகத் தேர்வில், "அந்தக் கடையில் என்ன செய்தாய்?" என்று கேட்டால் அவன் விழிக்கிறான். நாம் செய்த உதவி அவனைத் தலைகுனிய வைக்கிறது.

கற்றுத்தர நம்மிடம் சரக்கு இல்லாமலா? 50 கிலோ பருப்பு மூட்டை ஒன்றை எடுத்துக்கொள்வோம். கிலோ 100 ரூபாய்க்கு வாங்கி 105 ரூபாய்க்கு விற்றால் லாபம் 250 ரூபாய் என்று மாணவர் கணக்குப் போடுவார். சலித்துப் பொட்டலம் போட்டபின் 49 கிலோதான் தேறியது என்றால் கிடைப்பது 145 ரூபாய். அதிலும் லாரி வாடகை, இறக்குக்கூலி, பை விலை கழிய வேண்டும். இந்தச் சேதாரக் கணக்கை மூட்டைக்குப் பக்கத்தில் நின்றால்தான் கற்க முடியும். யாருக்குக் கடன் கொடுக்கலாம், நிலுவையை மனம் நோகாமல் எப்படிக் கேட்பது, பழைய சரக்கை முன்வரிசைக்கு எப்போது நகர்த்துவது என்பவையும் அப்படியே. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபின் கொள்முதல் பில்களைச் சரிபார்க்கவும் ஆள் தேவைப்படுகிறது. படித்த பிள்ளைக்கு ஏற்ற வேலை அது.

கணக்கு வெளியே போய்விடும் என்று சிலர் அஞ்சுகின்றனர். நியாயந்தான். பேரேடு முழுவதையும் காட்ட வேண்டாம். ஒரு சரக்கின் இருப்பை மட்டும் ஒப்படைத்தால் போதும். வேறு சிலரோ வந்த பிள்ளையைச் சம்பளமில்லாத கூலியாளாக்கி மூட்டை தூக்க விடுகின்றனர். இதைக் கேட்கவே நமக்குக் கூச்சமாக இருக்கிறது. பஸ் கட்டணமும் மதியச் சாப்பாடும் கொடுக்க முடியாத கடை எது?

2024 ஜூலையில் மத்திய பட்ஜெட் அறிவித்த இன்டர்ன்ஷிப் திட்டம் 500 பெரிய நிறுவனங்களை நம்பியது. மாதம் 5,000 ரூபாய் உதவித்தொகை என்றது. மளிகைக் கடைக்கு அதில் இடமில்லை. ஆயினும் உள்ளூர்க் கல்லூரியின் வணிகவியல் துறைத் தலைவரை நம் சங்கச் செயலாளர் நேரில் சந்தித்துப் பேச எந்தத் திட்டமும் தேவையில்லை. எந்தக் கடைக்கு எத்தனை பேர், எத்தனை மணி நேரம், மாணவிகள் மாலை எத்தனை மணிக்குள் வீடு திரும்ப வேண்டும் என்பதை முன்பே பேசி முடித்துவிடலாம்.

இந்தக் கோடையில் கடிதத்துடன் வருபவரிடம், "நாளை காலை எத்தனை மணிக்கு வருவாய், தம்பி?" என்று முதலில் கேட்போம். வர இயலாது என்பவருக்கு லெட்டர்பேடை எடுக்க வேண்டாம்.