வெள்ளத்துக்கு முன் கூடும் கூட்டம்

நலவாழ்வுப் பகுதி

அடியார்கள் பலருடைய வீட்டுத் தபாற்பெட்டியில் இடைக்கிடை மாநகரசபையின் அறிவித்தல் ஒன்று வந்து விழுவதுண்டு. இன்ன ஓடையின் வெள்ளத்தைக் குறைப்பதற்கான திட்டம் ஆராயப்படுகின்றது, இன்ன தினத்தில் இன்ன சமூக நிலையத்தில் பொதுமக்களின் கருத்துக் கேட்கப்படும் என்று அதில் எழுதியிருக்கும். மலிவு விற்பனை விளம்பரங்களோடு சேர்த்து அதையும் குப்பைக் கூடையில் இடுவதே பெரும்பாலும் வழக்கம். இம்மாதப் பகுதி அந்தத் தாளைப் பற்றியது. நலவாழ்வுக்கும் ஓடைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள், ரொறன்ரோப் பெரும்பாகத்தில் வயோதிபப் பெற்றோரும் புதிதாக வந்து சேர்ந்த குடும்பங்களும் வீட்டின் எந்தத் தட்டில் வாழ்கின்றனர் என்பதை ஒருகணம் எண்ணிப் பார்க்க வேண்டும். அவர்களிற் பலர் நிலவறையிலேயே வாழ்கின்றனர். வெள்ளம் முதலில் தேடி வருவதும் நிலவறையைத்தான்.

ஒன்ராறியோ மாகாணம் வெள்ளத்தைப் பற்றிய பாடத்தைப் பெருவிலை கொடுத்தே படித்தது. 1954 அக்டோபர் 15ஆம் திகதி இரவு ஹேசல் சூறாவளி இங்கு வந்தபோது 81 பேர் உயிரிழந்தனர். ஹம்பர் ஆற்றங்கரையில் ரேமோர் வீதி என்ற ஒரேயொரு தெருவில் மாத்திரம் 35 பேர் மாண்டனர். அதன் பின்னரே ஆற்றுத் தாழ்நிலங்களில் வீடு கட்டுவது கட்டுப்படுத்தப்பட்டது. அந்நிலங்கள் வாங்கப்பட்டுப் பூங்காக்களாக்கப்பட்டன. இன்று கோடை காலத்திற் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டும் பள்ளத்தாக்குப் பாதைகள் பல அந்தத் துயரத்தின் பின் காக்கப்பட்ட நிலங்களே.

ஆனால் பெரிய ஆறுகளைக் காத்த அளவுக்குச் சிறிய ஓடைகள் காக்கப்படவில்லை. மிசிசாகா நகரின் நடுவே சுமார் 16 கிலோமீற்றர் தூரம் ஓடி ஒன்ராறியோ ஏரியில் விழும் குக்ஸ்வில் ஓடை இதற்கு நல்ல உதாரணம். அதன் இருமருங்கும் ஏறத்தாழ முழுவதும் வீடுகளும் கடைகளும் வாகனத் தரிப்பிடங்களுமாகிவிட்டன. வயல் நிலத்தில் விழும் மழை மண்ணில் ஊறி ஆறுதலாக ஓடைக்கு வரும். தாரிலும் கூரையிலும் விழும் மழைக்கு ஊறுவதற்கு இடமில்லை. அது குழாய்கள் வழியாக ஒரே நேரத்தில் ஓடையை வந்தடைகிறது. பழைய சிறு பாலங்களும் மதகுகளும் அந்த அளவுக்காகக் கட்டப்பட்டவையல்ல. ஆகவே நீர் பாலத்தடியில் முட்டி நின்று பக்கத்துத் தெருக்களுக்குள் புகுந்துவிடுகிறது.

2009 ஆகஸ்ட் 4ஆம் திகதி குக்ஸ்வில் ஓடை இவ்வாறு கரைபுரண்டது. 2013 ஜூலை 8ஆம் திகதி பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழை பதிவாகியது. ஹேசல் வந்த நாளில் அங்கு பதிவான 121 மில்லிமீற்றரிலும் இது கூடியது. அதன் பெரும்பகுதி ஒரு மாலையில் சில மணி நேரத்துக்குள் கொட்டித் தீர்த்தது. 2024 ஜூலை 16ஆம் திகதி மறுபடியும் அங்கு 100 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவான மழை பெய்தது. டிக்சி வீதியும் டன்டாஸ் வீதியும் சந்திக்கும் பகுதியில் லிட்டில் எற்றோபிக்கோ ஓடை 2013இலும் 2024இலும் நிரம்பி வழிந்தது.

"நூறாண்டு வெள்ளம்" என்ற சொல்லைக் கேட்டு, அது ஒருமுறை வந்துவிட்டால் பேரப்பிள்ளைகள் காலம் வரை கவலையில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. அச்சொல்லின் கருத்து அதுவன்று. எந்த ஓர் ஆண்டிலும் அத்தகைய வெள்ளம் வருவதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதே அதன் பொருள். 25 ஆண்டுக் கடனில் ஒருவர் வீடு வாங்கினால், கடன் தீருமுன் ஒருமுறையாவது அந்த வெள்ளத்தைக் காண்பதற்கு 22 வீத வாய்ப்பு உண்டு. கிட்டத்தட்ட ஐந்து வீட்டுக்கு ஒரு வீடு என்ற கணக்கு இது. இதே அளவு வாய்ப்புள்ள நோயொன்று தமக்கு வரலாம் என்று வைத்தியர் கூறினால் எவரும் அலட்சியம் செய்யமாட்டார்கள்.

நிலவறைக்குள் வரும் நீர் வெறும் மழைநீர் அல்ல. ஓடை நிரம்பும் வேளைகளில் கழிவுநீர்க் குழாய்களும் நிரம்பி, நிலத்துவாரம் வழியாக மலக்கழிவு கலந்த நீர் மேலெழுவதுண்டு. அதனால் வயிற்றோட்டமும் வாந்தியும் உண்டாகலாம். காலிற் புண்ணுள்ள நீரிழிவு நோயாளருக்கு அந்நீர் பேராபத்து. ஈரமான சுவரிலும் கம்பளத்திலும் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கும் முதியோருக்கும் இருமலும் மூச்சிரைப்பும் அதனால் அதிகரிக்கும். மின்சாரம் உள்ள நீரில் காலை வைத்தால் உயிருக்கே மோசம். மின்சாரம் நின்றுவிட்டதென்று மின்பிறப்பாக்கியை வீட்டுக்குள்ளோ கராஜுக்குள்ளோ இயக்குவதும் உயிரைக் குடிக்கும். அதிலிருந்து வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமுமில்லை, நிறமுமில்லை.

இனி, மாநகரசபை கேட்கும் கேள்விக்கு வருவோம். இத்தகைய ஆய்வில் பல மாற்று வழிகள் ஒன்றோடொன்று ஒப்பிடப்படும். ஓடையை அகலமாக்குதல், பாலங்களையும் மதகுகளையும் பெருப்பித்தல், கரையில் மண்மேடு அமைத்தல், மேற்புறத்தில் நீரைத் தேக்கி வைத்தல், ஆபத்தான வீடுகளை விலைக்கு வாங்குதல் என்பன அவற்றுட் சில. "ஒன்றும் செய்யாதிருத்தல்" என்பதும் பட்டியலில் ஒரு வழியாக எப்போதும் இருக்கும். டிக்சி - டன்டாஸ் திட்டத்தில் பாலங்களையும் ஓடையையும் அகலப்படுத்துவது முக்கிய இடம் பெற்றது. குக்ஸ்வில் ஓடைக்கு நீரைத் தேக்கி வைக்கும் வழி தெரியப்பட்டு, சைகோன் பூங்காவிற் பெரிய தடாகம் அமைக்கப்பட்டது. குளங்கட்டி மாரிநீரைத் தேக்கி, வான் கதவால் அளவறிந்து விடும் வழக்கம் வன்னி மக்களுக்குப் புதிதல்ல. இங்கு பயிருக்காக அல்லாமல், கீழேயுள்ள வீடுகளுக்காக நீரைத் தடுத்து வைக்கின்றனர் என்பதே வேறுபாடு.

ஒவ்வொரு வழிக்கும் நட்டமும் உண்டு. ஓடையை அகலமாக்கினால் மரங்கள் தறிக்கப்படலாம். கொல்லைப்புறத்தில் ஒரு துண்டு நிலம் போகலாம். ஒரு பகுதியில் மண்மேடு எழுப்பினால் நீர் வேறு பகுதிக்குத் தள்ளப்படுமா என்று பார்க்க வேண்டும். யாருடைய வீடு காக்கப்படும், யாருடைய தெரு ஆண்டுக்கணக்கில் தோண்டப்படும், பணம் எங்கிருந்து வரும் என்பவை பொறியியலாளரின் கணிதத்தால் மாத்திரம் தீர்வதில்லை. அதனாலேயே கூட்டம் கூட்டுகிறார்கள்.

இதிற் காலம் முக்கியம். ஒன்ராறியோவில் மாநகரசபைகளின் இத்தகைய திட்டங்கள் சுற்றாடல் மதிப்பீட்டு முறையின்படி படிப்படியாக நடைபெறுகின்றன. முதலிற் பிரச்சினையை வரையறுப்பார்கள். பிறகு வழிகளை ஒப்பிடுவார்கள். இறுதியில் அறிக்கையைக் குறைந்தது 30 நாட்களுக்குப் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பார்கள். முன்னர், முடிவு பிடிக்காதவர்கள் கடைசி நேரத்தில் மாகாண அமைச்சரிடம் பல காரணங்களைக் காட்டி முறையிட முடிந்தது. 2020இல் சட்டம் திருத்தப்பட்ட பின், பூர்வீகக் குடிகளின் உரிமைகளுக்குப் பாதிப்பு என்ற காரணத்துக்காக மட்டுமே அவ்வாறு முறையிடலாம். ஆகவே சொல்ல வேண்டியதை முதற் கூட்டத்திலேயே சொல்லிவிட வேண்டும். அறிக்கை அச்சான பின் கோபப்பட்டுப் பயனில்லை.

என்ன சொல்வது? பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை. எந்த நாள், எத்தனை மணிக்கு, எவ்வழியாக நீர் வந்தது, சுவரில் எவ்வளவு உயரத்துக்கு நின்றது, எப்போது வடிந்தது என்பவற்றை எழுதிக் கொடுத்தாற் போதும். படம் இருந்தால் இன்னும் நன்று. பொறியியலாளர்கள் தமது கணக்கைச் சரிபார்ப்பது இத்தகைய தகவல்களைக் கொண்டே. மிசிசாகாவின் லிஸ்கார் பகுதியில் ஓடை கரைபுரளாமலே நிலவறைகளுக்குள் நீர் கசிந்தது. குடியிருப்பாளர் வீடு வீடாக முறையிட்ட பின்னரே நீண்ட ஆய்வு நடந்தது. நிலத்தடியே குழாய்கள் பதித்த பள்ளங்களில் நீர் தேங்கி, அத்திவாரத்து வடிகாற் குழாய்க்குள் புகுவது அந்த ஆய்விலேயே தெரியவந்தது.

அப்படியிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் இக்கூட்டங்களுக்குப் போவது அரிது. அதற்கு மூன்று காரணங்களைக் கூறலாம். முதலாவது மொழி. கூட்டத்துக்குச் சில நாட்கள் முன்னதாகவே தொலைபேசியில் மொழிபெயர்ப்பு உதவி கேட்கலாம். கல்லூரிக்குப் போகும் பிள்ளையை அழைத்துச் செல்லவும் தடையில்லை. இரண்டாவது, வெள்ளம் வந்ததென்று சொன்னால் வீட்டின் விலை குறையும் என்ற பயம். வெள்ளத் தாழ்நில வரைபடங்கள் ஏற்கனவே வெளியில் உள்ளன. மறைப்பதால் ஆபத்து மறைவதில்லை. எழுதிக் கொடுக்கும் கருத்துகள் பொதுப் பதிவில் சேரும்போதும், தனிப்பட்ட விபரங்கள் நீக்கப்படுவதே வழமை.

மூன்றாவதைப் பலர் வாய்விட்டுச் சொல்வதில்லை. நிலவறையை மாநகரசபையிற் பதிவு செய்யாமல் வாடகைக்கு விட்டிருப்போர், அதிகாரிகளின் கண்ணிற் படாமலிருக்க விரும்புகின்றனர். குடியிருப்பவரோ, முறையிட்டால் இடத்தை இழக்க நேரிடும் என்று அஞ்சுகிறார். இரு தரப்பும் வாய் மூடியிருக்க, அந்தத் தெருவின் நிலவறைகளில் ஆட்களே இல்லையென்று திட்டம் தீட்டப்படும். இரவு இரண்டு மணிக்கு நீர் ஏறும்போது, அங்கே படுத்திருப்பவர் மூட்டுவலியால் படியேற முடியாத ஒரு தாயாராக இருக்கலாம். வாடகைப் பணத்துக்காக அந்த உயிரைப் பணயம் வைப்பது எந்தத் தர்மத்திலும் சேராது. வீட்டுக்காரர் பதிவைச் செய்து, தப்பி வெளியேற வழியும் புகை எச்சரிக்கைக் கருவியும் வைத்துக் கொடுப்பது அவருடைய கடமை. அதுவரையிலும் தெருவில் நீர் எவ்வளவு நின்றது என்பதையாவது இருவரும் தயங்காமற் சொல்லலாம்.

கோயில்களுக்கும் இதிற் பொறுப்பு உண்டு. மிசிசாகாவில் 2016 முதல் மழைநீர்க் கட்டணம் அறவிடப்படுகின்றது. நீர் ஊறாத கடினப் பரப்பு எவ்வளவோ அதற்கேற்பவே கட்டணம். மழைநீரைத் தம் காணியிலேயே தடுத்து வைக்கும் நிறுவனங்களுக்கு 50 வீதம் வரை சலுகை கிடைக்கக்கூடும். தேர்த் திருவிழாவுக்கு நூற்றுக்கணக்கான கார்கள் நிற்கும் பரந்த தார் முற்றத்திலிருந்து ஓடும் நீர், கீழேயுள்ள ஏதோவொரு அயலவரின் நிலவறைக்கே போகின்றது. முற்றத்தின் ஓரத்திற் புல்லும் செடியும் வைத்த தாழ்வான பாத்திகளை அமைப்பது, நிருவாகசபைகள் ஆராயத்தக்க ஒரு தொண்டு.

திட்டம் நிறைவேறப் பல ஆண்டுகள் செல்லும். அதுவரை வீட்டிற் செய்யக்கூடியவை சில. கழிவுநீர் திரும்பி வராமற் தடுக்கும் வால்வைப் பொருத்தலாம். அதற்குப் பணவுதவி வழங்கும் மாநகரசபைகளும் உள்ளன. கூரைத் தண்ணீர் அத்திவாரத்தருகே விழாமல் தூரத்தில் விழச் செய்யலாம். காப்புறுதிப் பத்திரத்தை எடுத்து, கழிவுநீர் திரும்பலும் நிலமேல் வெள்ளமும் அதில் அடங்குமா என்று பார்க்க வேண்டும். இவை பெரும்பாலும் தனியாகச் சேர்க்கப்பட வேண்டியவை. கடும் மழை எச்சரிக்கை உள்ள இரவில் நிலவறையிலுள்ள முதியவர்களை மேற்தட்டில் படுக்க வைக்க வேண்டும். மருந்துகளையும் உயரத்தில் வைக்க வேண்டும். பிள்ளைகளை ஓடைப் பக்கம் விடவே கூடாது. ஓடும் நீர் 15 சென்ரிமீற்றர் ஆழமிருந்தாலே ஆளை விழுத்திவிடும்.

அடுத்த முறை அத்தகைய அறிவித்தல் வரும்போது, அதைக் கோயில் அறிவித்தற் பலகைக்குக் கொண்டுவந்து கொடுப்பது நன்று. ஆங்கிலம் அறிந்த இளைஞர் ஒருவர் அதனைத் தமிழில் எழுதி அருகில் ஒட்டலாம். ஒரே தெருவில் வாழும் நான்கு குடும்பங்கள் ஒரே காரிற் சேர்ந்து போய் வரலாம். இரண்டு மணி நேரம் செலவாகும். அந்த ஓடையருகே நிலவறையில் உறங்கும் பெற்றோரை எண்ணினால், அது பெரிய செலவன்று.