அடுப்படியிலும் கேளுங்கள்

பாடாங் மேஹா தோட்டத்து லயத்தில் எங்களுக்கு அடுத்த வீட்டில் ஒரு பெரியப்பா இருந்தார். பால் வெட்டுவதில் கெட்டிக்காரர். எந்த மண்டோரோடும் மூன்று மாதம் ஒத்துப்போனதில்லை. ராத்திரி சோற்றுத் தட்டு வாசலில் வந்து விழும். மறுநாள் மகளுக்கு மிட்டாய் வாங்கிவந்து தலையைத் தடவிக்கொண்டிருப்பார். "அது அவரு கொணம்" என்று பெரியவர்கள் முடித்துவிடுவார்கள். பொறுக்க முடியாதபோது, "தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்" என்பார்கள். 1911இல் பேராக்கில் தொடங்கிய அந்த மனநல மருத்துவமனையின் ஊர்ப்பெயரை நாம் வசவாக்கிவிட்டோம். குணத்துக்கும் பைத்தியத்துக்கும் நடுவே நம்மிடம் ஒரு சொல்லும் இருந்ததில்லை.

அந்த நடுவிடத்தை அளக்க இப்போது கேள்வித்தாள்கள் இருக்கின்றன. உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு, 11ஆம் பதிப்பு, 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. ஆளுமைக் கோளாறுகளுக்கு இருந்த பழைய வகைப்பெயர்களைப் பெரும்பாலும் கைவிட்டு, லேசானதா, நடுத்தரமா, கடுமையானதா என்பதை அது முதலில் கேட்கிறது. இதை மனமார வரவேற்கிறேன். மனிதருக்கு முத்திரை குத்துவதைவிட, அவர் வாழ்வும் உறவும் எவ்வளவு சிதைந்திருக்கின்றன என்று பார்ப்பது மேல்.

இந்த அளவுக்காகவே 2018இல் வெளிவந்த ஒரு தாளில் ஒன்பது கேள்விகள்தாம். பிறரோடு இருப்பது, நம்பிக்கை, நட்பு, கோபம், யோசிக்காமல் செய்வது, கவலை, ஒழுங்கு, பிறர்மேல் அக்கறை, தன் காலில் நிற்பது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டினால் 8 வந்தால் லேசான கோளாறும் 10 வந்தால் நடுத்தரக் கோளாறும் இருக்கலாம் என்று கொள்கிறார்கள். தாள் தீர்ப்பு அல்ல; மருத்துவரிடம் அனுப்புவதற்கான சீட்டு.

கடைசிக் கேள்வியை லயத்தில் வைத்துப் பாருங்கள். அரிசி தீர்ந்தால் பக்கத்து வீடு, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எதிர்வீடு. அங்கே யாரும் தனித்துத் தன் காலில் நின்றதில்லை. தோட்டம் கைமாறி, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, குலிம் பக்கம் அடுக்குமாடிக்குப் போனவர் "எனக்குச் சிநேகிதரே இல்லை" என்றால், அது அவர் ஆளுமையின் கோளாறா, இடம்பெயர்ந்த துக்கமா? அகராதியை வைத்து மொழிபெயர்த்த தாளுக்கு இந்த வேறுபாடு தெரியாது.

அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. இத்தகைய தாளைச் சம்பந்தப்பட்டவரே நிரப்புகிறார். பெரியப்பா நிரப்பியிருந்தால் கோபத்துக்குச் சுழியம் போட்டிருப்பார். பொய்யாக அல்ல, உண்மையாகவே அப்படி நம்பி. முன்பு பெங்களூரையும் சேர்த்து 11 நாடுகளில் 14 மையங்களில் சோதித்த உலகச் சுகாதார நிறுவனத்தின் நேர்காணல் முறையில், ஒரு நடத்தை ஐந்தாண்டாவது நீடித்திருக்க வேண்டும். நோயாளியை நன்கறிந்தவரிடமும் விசாரிக்க இடமிருந்தது. நேரம் பிடிக்கும் வேலைதான். ஆனாலும் தமிழில் ஒரு தாள் வருமானால், அடுப்படியில் நிற்பவரிடமும் கேட்கும் பக்கம் ஒன்று அதில் இருக்க வேண்டும்.

பெரியம்மா இப்போது சுங்கைப்பட்டாணியில் மகள் வீட்டில் இருக்கிறார். யாராவது கதவை வேகமாகச் சாத்தினால், சாப்பிடுகிற தட்டை இன்றும் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறார்.