வாயிற்காவலும் வழிச்சுங்கமும்

பாராடாங்கிற்குச் சாலை வழியே சென்ற தோழர்கள் ஜிர்காடாங் வாயிலை மறந்திருக்க மாட்டார்கள். விடியுமுன்பே வண்டிகள் வரிசையாக வந்து நிற்கும். கதவு திறக்கும் வேளை வந்ததும், காவல் வண்டி உடன் வர, அத்தனை வண்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டுக்குள் நுழையும். வழியில் நிற்கலாகாது, முந்தலாகாது, படம் எடுக்கலாகாது. அது ஜாரவா மக்கள் வாழும் காடு. சாலை நம்முடையது என்று நாம் எண்ணிக்கொண்டாலும் காடு அவர்களுடையது.

நான் பாராடாங்கில் வளர்ந்தவன். என் தந்தையார் இராமநாதபுரத்துப் பக்கமிருந்து பிழைப்புத் தேடிக் கப்பலேறி வந்தவர். நீலாம்பூர் படகுத்துறையருகே சிறு கடை வைத்திருக்கிறார். அந்த வாயிலை எத்தனை முறை கடந்தேன் என்பதற்குக் கணக்கில்லை. காவல் என்பது எதற்கு, யாருக்கு என்ற கேள்வியை நான் ஏட்டிலே படிக்கவில்லை. பேருந்தின் சன்னலோரத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன்.

நம் கையிலிருக்கும் போனுக்கும் இப்படியொரு வாயில் உண்டு. ஆண்டிராய்டு வைத்திருப்போருக்குக் கூகுளின் பிளே ஸ்டோர். ஐபோன் வைத்திருப்போருக்கு ஆப்பிளின் ஆப் ஸ்டோர். எந்தச் செயலி உள்ளே வரலாம், எது வெளியே நிற்க வேண்டும் என்பதை இவ்விருவரே முடிவு செய்கின்றனர். இந்த வாயிற்காவலர்களைப் பற்றியும், இவர்கள் தடுத்தும் தடுக்காமலும் விடுகின்ற வேவுச் செயலிகளைப் பற்றியும் எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். குற்றம் செய்தவன் என்ற தகுதிதான்.

2024ஆம் ஆண்டு ஜூலை மாதம். என் தங்கைக்குச் சென்னையில் செவிலியர் படிப்புக்கு இடம் கிடைத்தது. கப்பலில் மூன்று நாள் தொலைவு. அப்பா என்னைத் தனியே அழைத்தார். “நீ சயன்ஸ் படிக்கிறவன்தானே தம்பி, பிள்ளை எங்கே இருக்கிறாள் என்று இங்கிருந்தே பார்க்கிற மாதிரி போனில் ஏதோ போடலாமாமே?” என்றார். அவருடைய அச்சம் பொய்யன்று. கடல் கடந்து பிள்ளையை அனுப்பும் எந்தத் தகப்பனுக்கும் அது வரும். ‘அவளிடம் சொல்லிவிட்டுப் போடலாம்’ என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. புதிதாக வாங்கிய போனை அவள் கைக்குக் கொடுக்குமுன் ஒரு செயலியை அதில் ஏற்றினேன்.

அச்செயலி பிளே ஸ்டோரில் இல்லை. வேறோர் இணையதளத்திலிருந்து இறக்க வேண்டியிருந்தது. போன் என்னை இருமுறை தடுத்தது. முன்பின் தெரியாத இடத்திலிருந்து வருவதை ஏற்க மாட்டேன் என்றது, அமைப்பை மாற்றினேன். இது தீங்கானது என்று எச்சரித்தது. எச்சரிக்கும் பகுதியையே அணைத்தேன். ஏறி முடிந்ததும் செயலியின் சின்னம் திரையிலிருந்து மறைந்தது. உண்மையைச் சொல்கிறேன், அப்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மூன்றாம் மாதத்தில் அவள் கண்டுபிடித்துவிட்டாள். சார்ஜ் நிற்கவில்லை, டேட்டா பாதி நாளிலேயே தீர்ந்தது. உடன் படிக்கும் பெண்ணொருத்தி பார்த்துச் சொல்லியிருக்கிறாள். தங்கை எங்களிடம் சண்டையிடவில்லை. வெளியே போகும்போதெல்லாம் போனைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போனாள், அவ்வளவுதான். இங்கே அப்பா மாலைதோறும் திரையில் அந்தப் புள்ளியைப் பார்த்து, “பிள்ளை விடுதியை விட்டு நகரவே இல்லை” என்று மகிழ்ந்தார்.

நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் வந்தது. மருத்துவமனைப் பணி முடிந்து புறப்பட்டவள் வெள்ளத்தில் சிக்கிக்கொண்டாள். பேருந்து இல்லை, கையில் போன் இல்லை. யாரோ ஓர் அம்மாள் கைபிடித்து அழைத்துவர, நள்ளிரவில் விடுதி சேர்ந்திருக்கிறாள். அந்த இரவில் அப்பா இரண்டு முறை அழைத்தார். மணி அடித்தது, எடுக்கவில்லை. புள்ளி விடுதியில் இருந்தது. “தூங்கிவிட்டாள் போலும்” என்று அவரும் படுத்துவிட்டார். எதற்காக அச்செயலியைப் போட்டோமோ, அந்த ஒரே இரவில் அது எங்களுக்குப் பொய் சொன்னது. பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தவர்கள் நாங்கள்.

இனி வாயிற்காவலர்பால் வருவோம். அன்று என்னைத் தடுத்த காவலன் சரியாகவே தடுத்தான். 2020 அக்டோபர் முதல் கூகுளின் விதி தெளிவாக இருக்கிறது. பெற்றோர் பிள்ளையைக் கண்காணிக்கவும், நிறுவனம் தன் ஊழியரைக் கண்காணிக்கவும் செயலி இருக்கலாம். ஆனால் அது ஒளிந்திருக்கலாகாது, தன் சின்னத்தை மறைக்கலாகாது, ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்ற அறிவிப்பை எப்போதும் காட்ட வேண்டும். கணவனோ மனைவியோ மற்றவரைக் கண்காணிக்கும் செயலிக்கு, அவர் இசைந்தாலும்கூட, இடமில்லை. நல்ல விதி. பிறகு ஏன் நான் அந்த எச்சரிக்கையை மதிக்கவில்லை?

அந்தக் காவலனை அறிவுரை சொல்பவனாக நான் கண்டதில்லை. சுங்கம் தண்டுபவனாகவே கண்டிருந்தேன். அதற்கு நான்கு மாதம் முன்புதான், 2024 மார்ச் முதல் நாளன்று, சென்னையிலிருந்து நடக்கும் பாரத் மேட்ரிமோனியின் செயலிகளைக் கூகுள் தன் கடையிலிருந்து அகற்றியது. நௌக்ரி, ஷாதி முதலிய வேறு பலவும் உடன் போயின. அவை வேவு பார்த்தனவா? இல்லை. கடை கேட்ட பங்கைக் கொடுக்க மறுத்தன. கடையின் பணம் வாங்கும் முறைக்கு 15 முதல் 30 விழுக்காடு. வேறு முறையில் வாங்கினாலும் 11 முதல் 26 விழுக்காடு. சென்னை உயர்நீதிமன்றத்தில் அந்நிறுவனம் தொடுத்த வழக்கு தோற்றது, உச்சநீதிமன்றம் இடைக்காலத் தடை தரவில்லை, செயலிகள் மறைந்தன. ஒன்றிய அமைச்சர் தலையிட்ட பிறகு சில நாட்களில் திரும்பி வந்தன. போட்டி ஆணையம் 2022 அக்டோபரிலேயே பிளே ஸ்டோரின் கட்டண முறைக்காகக் கூகுளுக்கு 936.44 கோடி ரூபாய் தண்டம் விதித்திருந்தது. 2025 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை 216.69 கோடியாகக் குறைத்தது; ஆனால் தவறே இல்லை என்று சொல்லவில்லை.

ஆக, திருமணப் பொருத்தம் பார்க்கும் செயலியைத் தடுக்கும் கையும், தங்கையை வேவு பார்க்கும் செயலியைத் தடுக்கும் கையும் ஒன்றாயின. ‘தீங்கானது’ என்று அது சொன்னபோது, ‘எனக்குப் பங்கு தராதது’ என்றுதான் என் காதில் விழுந்தது. என் குற்றம் என்னுடையதே. அதைக் கூகுளின் தலையில் சுமத்த வரவில்லை. காவலும் சுங்கமும் ஒரே ஆளிடம் இருந்தால் காவலின் சொல் மதிப்பிழக்கிறது என்பதையே சொல்கிறேன்.

ஆப்பிளின் கதை இன்னும் பொருத்தமானது. பிள்ளைகள் எவ்வளவு நேரம் போன் பார்க்கலாம் என்று பெற்றோர் வரையறுக்கும் செயலிகளை அந்நிறுவனம் பல ஆண்டுகள் தன் கடையில் விற்றது. 2018இல் ‘ஸ்கிரீன் டைம்’ என்ற தன் சொந்த வசதியைக் கொண்டுவந்தது. அதன்பின் பிறருடைய செயலிகள் ஒவ்வொன்றாக வெளியேறின. அதிகம் இறக்கப்பட்ட 17இல் குறைந்தது 11 அகற்றப்பட்டன அல்லது முடக்கப்பட்டன என்று 2019 ஏப்ரலில் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. ஆப்பிள் சொன்ன விடை கேட்கத் தக்கதே: அவை எம்.டி.எம். என்னும், நிறுவனங்கள் தம் ஊழியரின் கருவிகளை ஆளப் பயன்படுத்தும் முறையைக் குழந்தையின் போனில் புகுத்தின. அதனால் யாரோ ஓர் அயலார் கைக்கு அப்போனின் ஆட்சியே போய்விடும் என்றது. உண்மைதான். அந்த உண்மை பல ஆண்டுகள் எங்கே உறங்கியது? தன் சரக்கு கடைக்கு வந்த பிறகா விழித்தது? 2019 ஜூனில் சில கட்டுப்பாடுகளோடு அதே முறையை ஆப்பிளே மறுபடியும் அனுமதித்தது. காஸ்பர்ஸ்கி நிறுவனத்தின் முறையீட்டின் பேரில் 2021இல் ருசிய நாட்டுப் போட்டி ஆணையம் ஆப்பிளுக்குத் தண்டமும் விதித்தது.

எங்கள் ஜிர்காடாங் வாயிலில் நிற்கும் காவலர் தாமே ஒரு பேருந்து வாங்கி விட்டால், மற்றப் பேருந்துகளில் அவர் என்னென்ன குறை காண்பார் என்று எண்ணிப் பாருங்கள்! குறைகள் உண்மையாகவே இருக்கலாம். இருந்தும் என்ன பயன்?

அப்படியானால் வாயிலே வேண்டாம், கதவைப் பிடுங்கி எறிவோம் என்பர் சிலர். நான் அக்கட்சியில் இல்லை. கடன் செயலிகளை நினைத்துப் பாருங்கள். சில ஆயிரம் ரூபாயைக் கொடுத்துவிட்டு, போனிலிருக்கும் பெயர்களையும் படங்களையும் எல்லாம் அள்ளிக்கொண்டு, தவணை தவறியவரின் உற்றார் உறவினரிடம் மானத்தை வாங்கிய கூட்டம் அது. 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி நெறிமுறை வகுத்தது. 2023 மே 31 முதல் கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலையும் படங்களையும் தொடக் கூடாதென்று கூகுளும் தடை செய்தது. வாயில் இல்லையேல் அதுவும் இல்லை. 2012இல் ஜாரவாப் பெண்களை உணவைக் காட்டி ஆடச் சொல்லிப் படமெடுத்த கொடுமை வெளிவந்தது. காவலரே கைக்கூலி பெற்றார் என்று அப்சர்வர் ஏடு எழுதியது. அப்போது யாரும் வாயிலை இடிக்கச் சொல்லவில்லை. காவலரைக் கேள்வி கேட்டனர், சட்டத்தைக் கடுமையாக்கினர்.

கேள்வி கேட்பவர் யார்? அரசு என்போம். அந்த அரசும் 2025 நவம்பர் 28 அன்று, ‘சஞ்சார் சாத்தி’ என்னும் தன் செயலியை விற்பனைக்கு வரும் ஒவ்வொரு புதுப் போனிலும் 90 நாட்களுக்குள் முன்னதாகவே ஏற்ற வேண்டும், அதன் செயல்களை முடக்கவோ குறுக்கவோ கூடாது என்று ஆணையிட்டது. தொலைந்த போனைத் தேடவும் மோசடியைத் தடுக்கவும் உதவும் செயலிதான். விரும்பி ஏற்றிக்கொள்வோர் பலர் உண்டு. விரும்பாதவர் போனில் ஏன் என்று நாடே கேட்டது. டிசம்பர் 3 அன்று ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஐந்தே நாள்! கேட்டால் நடக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

வீட்டுக்குள் நடப்பதை யார் கேட்பது என்பதுதான் எனக்கு உறுத்தலாக இருக்கிறது. 2023ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்ட பிள்ளையின் தரவைக் கையாளப் பெற்றோர் இசைவு வேண்டுமென்கிறது. அப்பிள்ளையைப் பின்தொடர்ந்து வேவு பார்க்க நிறுவனங்களுக்குத் தடை விதிக்கிறது. நன்று. ஆனால் ஒருவர் தம் சொந்த, வீட்டுத் தேவைக்காகச் செய்வதை அச்சட்டம் தொடுவதில்லை. அப்பாவும் நானும் சட்டத்துக்கு வெளியே நிற்கிறோம்! கணவன் மனைவிக்கிடையிலோ நீதிமன்றங்களே ஒரு குரலில் பேசவில்லை. மனைவியின் அழைப்புப் பட்டியலை அவளறியாமல் எடுத்து வந்த கணவனிடம், அந்தரங்க உரிமையை மீறிப் பெற்ற சான்று செல்லாது என்று மதுரைக் கிளையில் நீதியரசர் ஜி. ஆர். சுவாமிநாதன் 2024 அக்டோபரில் சொன்னார். வேறொரு வழக்கில், மறைவாகப் பதிந்த பேச்சையும் சான்றாக ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் உச்சநீதிமன்றம் சொன்னது.

எனவே நான் கேட்பது இரண்டு. எது தீங்கு என்று முடிவு செய்யும் வேலையைக் கடைக்காரரிடம் மட்டும் விடலாகாது. ஒளிந்திருந்து வேவு பார்க்கும் செயலியை விற்பதும், வயது வந்தவர் போனில் அவரறியாமல் ஏற்றுவதும் குற்றமென்று சட்டமே பெயர் சொல்லி எழுத வேண்டும். கடைக்காரர், ஒரு செயலியைத் தள்ளும்போது அது பங்கு தராததாலா, தீங்கு செய்வதாலா என்று வெளிப்படையாக எழுதி ஒட்ட வேண்டும். என் போன்ற அசட்டுக் கெட்டிக்காரன் அதைப் படித்தாவது ஒரு கணம் நிற்பான்.

மற்றொன்று நமக்கு. ஊரில் ஒரு போனில் எதையேனும் ஏற்ற வேண்டுமென்றால் யாரை அழைக்கிறார்கள்? விடுமுறைக்குச் செல்லும் நம்மைத்தான். அக்காள் கணவர் கேட்பார், சித்தப்பா கேட்பார், பக்கத்து வீட்டு அம்மாள் கேட்பார். கூகுளையும் ஆப்பிளையும் விட நெருக்கமான வாயிற்காவலர் நாம். நான் என் வாயிலைத் திறந்துவிட்டேன். நீங்கள் கேட்கப்படும் நாளில், “அவரிடம் சொல்லிவிட்டீர்களா?” என்று ஒன்றைக் கேளுங்கள்.

கடந்த விடுமுறைக்குத் தங்கை வந்தாள். படகு இறங்கிய கையோடு போனை என்னிடம் நீட்டி, “நீ போட்டதை நீயே எடுத்துக் கொடு, அண்ணா” என்றாள். சின்னம் இல்லாத செயலியை எங்கே தேடுவது? ஒரு மணி நேரம் போராடினேன். முடிவில் ஃபாக்டரி ரீசெட் செய்ய வேண்டியதாயிற்று. அவள் முதலாண்டுப் படங்கள் எல்லாம் போயின. முதன்முதலாகச் செவிலியர் உடை உடுத்த நாளில் எடுத்த படமும் அதில் இருந்ததாம். அப்பா கடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். சற்று நேரம் கழித்துத் தாமே எழுந்து வந்து, “ஞாயிற்றுக்கிழமை நீயே ஒரு போன் போட்டுப் பேசுவாயா, பாப்பா?” என்று கேட்டார். பார்க்கலாம் என்றாள்.