அட்வான்ஸ் எனும் பூட்டு

வாடகையைக் கூலியிலிருந்து கொடுத்துவிடலாம். அட்வான்ஸை எங்கிருந்து கொடுப்பது? பெங்களூரில் வீடு தேடும் நம் குடும்பங்கள் ஒவ்வொன்றும் கேட்கும் கேள்வி இது.

பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது இந்நகரில் நெடுநாள் வழக்கம். 8,000 ரூபாய் வீட்டுக்கு 80,000 ரூபாய்! கட்டட வேலை செய்பவருக்கும் வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கும் சம்பளச் சீட்டு ஏது? வங்கி கைவிரிக்கும். நூற்றுக்கு மூன்று வட்டிக்குக் கடன் வாங்கினால் மாதம் 2,400 ரூபாய் வட்டி. ஆக, உண்மையான வாடகை 10,400 ரூபாய். வீட்டுக்காரர் அந்தப் பணத்துக்கு வட்டி தருவதில்லை. காலி செய்யும்போது, வெள்ளையடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வதும் உண்டு.

சட்டம் என்ன செய்தது? 1999-ஆம் ஆண்டின் கர்நாடக வாடகைச் சட்டம், பெங்களூரில் மாத வாடகை 3,500 ரூபாயைத் தாண்டிய வீடுகளை விட்டுவிட்டே எழுதப்பட்டது. 2021-இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்புக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது. மாநிலம் ஏற்றுச் சட்டமாக்காத வரை அது வெறும் காகிதமே.

ஒரே ஓர் அறையை வாடகைக்கு விட்டுப் பிழைக்கும் சிறு வீட்டுக்காரரை நாம் பகைக்கவில்லை. வாடகை நின்றுபோகுமோ என்ற அவரது அச்சம் நியாயமானது. அதற்கு இரண்டு மாதப் பணம் போதும்.

தோழர்களே! கன்னடத் தொழிலாளியின் முதுகிலும் இதே சுமைதான். அவரோடு சேர்ந்து, இரண்டு மாத உச்சவரம்பைச் சட்டமாக்கக் கோருவோம். அதுவரை, ரசீதும் எழுத்து ஒப்பந்தமும் இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுப்பதில்லை என உறுதிகொள்வோம்.