5 ஆயிரம் கட்டி பாதாள சாக்கடை வாங்கிய ஆதம்பாக்கம்: அன்று பணம் கொடுத்த ஜனங்க, இன்று யாரைக் கேட்பது?

சென்னை, ஆதம்பாக்கம்:

அரசாங்கம் செய்ய வேண்டிய வேலைக்கு நாம ஏன் முன்பணம் கட்டணும்? 1990களின் கடைசியில் ஆதம்பாக்கம் தெருக்களில் இதுதான் பேச்சு. அப்போது ஆதம்பாக்கம் சென்னை மாநகராட்சியில் இல்லை. ஆலந்தூர் நகராட்சியில் இருந்தது.

பஸ், ரெயில் எல்லாம் பக்கத்திலேயே. பாதாள சாக்கடை மட்டும் கிடையாது. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க். நிரம்பினால் லாரிக்காரருக்கு காசு. மிச்ச கழிவுநீர் திறந்த கால்வாயில். கொசுக்கடியைப் பற்றி சொல்லவே வேண்டாம்.

அப்போது நகராட்சி தலைவராக இருந்தவர் ஆர்.எஸ்.பாரதி. பின்னாளில் மாநிலங்களவை எம்.பி.யாக இருந்தவர். பாதாள சாக்கடை திட்டத்தை அவர் கையில் எடுத்தார். செலவு சுமார் ரூ.34 கோடி. நகராட்சி கஜானாவில் அவ்வளவு ஏது? கடனும் மானியமும் போக, ஒரு பகுதியை ஜனங்களிடமே கேட்டார்கள். வீட்டுக்கு ரூ.5 ஆயிரம் டெபாசிட். கடை, கம்பெனிக்கு ரூ.10 ஆயிரம். அதற்கு மேல் மாதாமாதம் கட்டணம் வேறு.

அந்த காலத்தில் 5 ஆயிரம் என்பது பல வீடுகளில் ஒரு மாத சம்பளத்தைவிட அதிகம். அப்படியும் ஆயிரக்கணக்கானோர் கட்டினார்கள். காரணம் சும்மா இல்லை. குடியிருப்போர் நலச்சங்கத்தினர் தெருத்தெருவாக கூட்டம் போட்டு பேசினார்கள். வசூலான பணம் தனிக் கணக்கில் போடப்பட்டது. சந்தேகம் வந்தால் நகராட்சி ஆபீசுக்கு நடந்தே போய் கேட்கலாம். முக்கியம் இந்த கடைசி விஷயம்தான்.

2000ல் வேலை தொடங்கியது. கழிவுநீரை சுத்திகரிக்க பெருங்குடியில் நிலையம். அதை தனியார் கம்பெனி கட்டி நடத்தியது. ஜனங்க பணம் போட்ட இந்த திட்டத்தை வெளிநாட்டில் இருந்தெல்லாம் ஆராய்ச்சி செய்தார்கள்.

ஒரு குறையும் உண்டு. டெபாசிட் கட்டியது வீட்டு ஓனர்கள். வாடகைக்கு இருப்பவர் குரலுக்கு கூட்டத்தில் என்ன மதிப்பு? பல நலச்சங்கங்களில் இன்றும் அதே கதைதான்.

2011ல் ஆலந்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. அதன் பிறகு சாக்கடை அடைத்தால் குடிநீர் வாரியம், மழைநீர் வடிகால் அடைத்தால் மாநகராட்சி என்று ஆகிவிட்டது. மேன்ஹோல் பொங்கும்போது இது எந்த தண்ணீர் என்று பிரித்துப் பார்த்தா புகார் கொடுக்க முடியும்? போதாக்குறைக்கு 2016 கடைசியில் இருந்து 2022 வரை சென்னையில் கவுன்சிலரே கிடையாது. பெரிய மாநகராட்சியில் சேர்ந்ததால் நிதி பெருகலாம். ஆனால் ‘என் 5 ஆயிரம் என்னாச்சு' என்று கேட்கும் தூரம் கூடிவிட்டது.

ஜனங்க மாறிவிட்டார்கள், யாரும் முன்வருவதில்லை என்று சொல்வது தப்பு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சோறு பொங்கிக் கொடுத்ததும், தண்ணீரில் இறங்கி ஆளைத் தூக்கியதும் அக்கம்பக்கத்து ஆட்கள்தான். மக்கள் பங்கோடு வேலை செய்யும் ‘நமக்கு நாமே' திட்டத்தை அரசும் 2021ல் மீண்டும் கொண்டு வந்தது. பணம் போட ஆள் உண்டு. கணக்கு சொல்லத்தான் பக்கத்தில் ஆள் வேண்டும்.

அதற்கு ஒரு வழி இருக்கிறது. 2022ல் வார்டு கமிட்டி, பகுதி சபை அமைக்க அரசு விதி கொண்டு வந்தது. வாடகைக்கு இருப்பவரும் அங்கே பேசலாம். அடுத்த கூட்டம் எப்போது என்று கவுன்சிலர் ஆபீசில் கேளுங்க. எந்த தெருவில் எந்த மேன்ஹோல் பொங்குது என்று மழைக்கு முன்பே எழுதிக் கொடுத்து, கையெழுத்தும் வாங்கிட்டு வாங்க.