தொங்க எப்பவும் தொங்கதான்?

நாச்சாரத்தில் நான் இருக்கும் அபார்ட்மெண்டில் போன மாதம் ஒரு சைக்கிள் காணாமல் போனது. கமிட்டி கூடியது. ஐந்து பேர், ஒரு ஃபிளாஸ்க் டீ, பதினைந்து நிமிஷம். வாட்ச்மேனின் மச்சினன் இரண்டு வருஷத்துக்கு முன்னால் மோட்டார் வயர் திருடி மாட்டியவன். "தொங்க எப்பவும் தொங்கதான்" என்றார் செயலாளர். (தெலுங்கில் தொங்க என்றால் திருடன்.) நானும் தலையாட்டினேன். குடும்பத்தோடு காலி செய்யச் சொன்னோம். நாலாம் நாள் சைக்கிள் பஞ்சர் கடையில் கிடைத்தது. அங்கே விட்டுவிட்டு மறந்தது, சைக்கிள்காரரின் மகனேதான்!

அதனால்தான், "டெக்னிக்கல் பாயிண்டில் தப்பிக்க விட்டுட்டாங்கடா" என்று சிட்னி நண்பன் போனில் பொருமியபோது என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஆஸ்திரேலியாவில் ஒருவரின் பழைய நடத்தை சாட்சியமாக வந்தால், அதை எதற்கு எடுத்துக்கொள்ளலாம், எதற்குக் கூடாது என்று நீதிபதி ஜூரிக்கு விளக்க வேண்டும். பிசகினால் அப்பீலில் தண்டனையே விழலாம். அந்தச் சாட்சியத்தை எப்போது அனுமதிக்கலாம் என்பதில் 2017 ஹியூஸ் வழக்கில் அந்நாட்டின் உச்சமான நீதிமன்றமே 4-3 என்று பிரிந்தது. நீதிபதிகளுக்கே இப்படி என்றால், ஜூரியில் உட்காரும் மளிகைக்கடைக்காரர் என்ன செய்வார்?

நம் ஊர்க் கதை இன்னும் சுவாரசியம். 1872 சாட்சியச் சட்டம் முதலில் எழுதப்பட்டபோது, 54-ஆம் பிரிவின்படி பழைய தண்டனையைச் சாட்சியமாகக் காட்டலாம். 1891-ல்தான் திருத்தினார்கள். தான் நல்லவன் என்று குற்றம் சாட்டப்பட்டவர் சாட்சியம் கொண்டுவந்தால் ஒழிய, அவர் கெட்டவர் என்ற பேச்சே எழக்கூடாது. 2023 சட்டத்தில் அது 49-ஆம் பிரிவு. கள்ள நாணயம் மாதிரி வழக்கில், தெரிந்துதான் கொடுத்தானா என்பதற்குப் பழைய தண்டனை வரலாம். அது நியாயம்தான்.

நானாவதி வழக்கில் ஜூரி 8-1 என்று விடுவித்தது. ஜூரிக்குச் சட்டத்தைத் தப்பாக விளக்கியிருக்கிறார்கள் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் அதைத் தள்ளியது. 1961-ல் உச்ச நீதிமன்றமும் ஆமோதித்தது. அங்கே பழைய நடத்தை பிரச்சனை இல்லை, ஆனால் நோய் ஒன்றுதான். 1973 சட்டத்தோடு ஜூரி முறை போயிற்று. 'பிரபல ரவுடி கைது' என்று காலையில் பேப்பர் படித்துவிட்டு வரும் நீதிபதி, தனக்குத்தானே எச்சரிக்கை சொல்லிக்கொள்ள வேண்டியதுதான். தீர்ப்பில் அதை எழுதியும் வைக்க வேண்டும் என்பேன். எழுதினால்தானே அப்பீலில் பிடிக்க முடியும்?

எங்கள் கமிட்டிக்கு மேல் அப்பீல் கிடையாது. வாட்ச்மேன் நம்பருக்கு இரண்டு தடவை அடித்தேன். எடுக்கவில்லை.